வாசகர் கேள்வி – பதில்: சனிக்கிழமை மதியமும் ஒரு சிற்றூர் ரக்பி கிளப்பும்

கேள்வி: என் மகளும் மருமகனும் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஓட்லி என்ற சந்தை ஊரில் குடியிருக்கிறார்கள். நான் போயிருந்தபோது கிராஸ் கிரீன் என்ற ரக்பி மைதானத்தைக் காட்டி, இங்கே உலகக் கோப்பை ஆட்டமே நடந்திருக்கிறது என்று மருமகன் சொன்னார். நம் பெருந்துறையைவிடப் பெரிதாகத் தோன்றாத அந்த ஊரில் அது எப்படி நடந்தது? – பெருந்துறை வாசகர்

பதில்: உங்கள் மருமகன் சொன்னது உண்மை. 1991 உலகக் கோப்பையில் இத்தாலியும் அமெரிக்காவும் மோதிய ஆட்டம் அக்டோபர் 5 அன்று அந்த மைதானத்தில்தான் நடந்தது. இத்தாலி 30–9 என்று வென்றது. ஆனால் ஓட்லிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதற்கும் 12 ஆண்டுகள் முந்தைய ஆட்டத்தைத்தான். 1979 நவம்பர் 17 அன்று, 'ஆல் பிளாக்ஸ்' என்று உலகமே அஞ்சிய நியூசிலாந்து அணி அங்கே வந்து, பில் போமான்ட் தலைமையில் ஆடிய வட இங்கிலாந்து அணியிடம் 21–9 என்று தோற்றுப்போனது. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவதை 'டிரை' என்பார்கள். அன்று வடக்கு அணி போட்ட நான்கு டிரைகளில் இரண்டு டோனி பாண்ட் போட்டவை.

இத்தகைய ஆட்டத்தை ஒரு சிற்றூர் ஏற்று நடத்த முடிந்ததற்கு, அதன் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்புக்கு இடம் கொடுத்தது சனிக்கிழமை மதியம். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை செய்யக் கூடாது என்று விதித்தது. அவர்கள் இல்லாமல் தறி ஓடாது என்பதால் ஆண்களுக்கும் நாளடைவில் அந்த ஓய்வு கிடைத்தது. ரக்பி என்ற ஊரின் பள்ளி மாணவர்கள் 1845-இல் எழுதிவைத்த விதிகளைக் கொண்டு, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஆடிவந்த ஆட்டம், அந்த அரை நாளைப் பிடித்துக்கொண்டு ஆலைத் தொழிலாளியிடம் வந்து சேர்ந்தது. மாதா கோவில், மதுக்கடை, ஆலை, தெரு என்று எது மனிதர்களைக் கூட்டியதோ அதன் பெயரில் அணிகள் தோன்றின; குடியானவர் ஒருவரின் மேய்ச்சல் நிலம் மைதானமாயிற்று, மதுக்கடையின் பின்னறை உடை மாற்றும் இடமாயிற்று. நோம்பிக்கு ஊர்க் கபடிக் குழு சேர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத சங்கதி அன்று.

கேள்வி: அங்கே ரக்பி யூனியன், ரக்பி லீக் என்று இரண்டு ஆட்டங்கள் உண்டாமே? ஒரே ஆட்டம் ஏன் இரண்டாகப் பிரிந்தது? – திருப்பூர் வாசகர்

பதில்: சனிக்கிழமைதோறும் வாரக் கூலி வாங்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தமே, ஏனெனில் பிரிவினைக்குக் காரணமே கூலிதான். 1871-இல் லண்டனில் 21 கிளப்புகள் கூடி அமைத்த ரக்பி கால்பந்து யூனியன், ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்றது. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் அதனால் ஒரு நட்டமும் இல்லை. வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டுமானால் சனிக்கிழமை காலை வேலையை விட்டுப் போயாக வேண்டிய நெசவாலைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அந்த நேரத்துக் கூலி போயிற்று. அந்த இழப்பை மட்டுமாவது ஈடுசெய்ய அனுமதியுங்கள் என்று 1893-இல் யார்க்‌ஷயர்க்காரர்கள் கொண்டுவந்த தீர்மானத்தை 282-க்கு 136 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடித்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடி, 'நார்தர்ன் யூனியன்' என்று தனியே பிரிந்தன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை இழப்பீடு தரலாம் என்று முடிவு செய்தன. 1906-இல் ஆட்டக்காரர்களை 15-இலிருந்து 13 ஆகக் குறைத்த அந்த அமைப்பே 1922-இல் 'ரக்பி லீக்' என்ற பெயரைப் பெற்றது.

ஆறு ஷில்லிங் கேட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசியது பெரும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஷிப்ட் தவறினால் அன்றைய சம்பளம் தவறும் என்பதை அறிந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1889 முதல் 1896 வரையிலான எட்டு ஆண்டுகளில் ஏழு முறை கவுன்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளுக்கு) இடையிலான போட்டியில் சாம்பியனாக இருந்த யார்க்‌ஷயரின் பலம், பிரிவினைக்குப் பின் யூனியன் ஆட்டத்தில் சரிந்தது. பழைய ஆட்டத்திலேயே நிலைத்த சிற்றூர்க் கிளப்புகள் வீரர்களையும் பக்கத்து ஊர்ப் போட்டியாளர்களையும் இழந்து, நெடுந்தொலைவு சென்று ஆட வேண்டியதாயிற்று. கொஞ்ச காலத்துக்குள் முதல் உலகப் போரும் வந்தது. இங்கிலாந்து அணிக்கு ஆடியவர்களில் மட்டும் 27 பேர் அதில் மாண்டார்கள். ஊர்க் கிளப்புகளின் சுவர்ப் பலகைகளில் இருக்கும் போர்க்காலப் பெயர்களை அடுத்த முறை நின்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் கோப்பை நம் ரூபாயை உருக்கிச் செய்தது என்பது மெய்யா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: மெய்தான். 1873-இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் தொடங்கிய ரக்பி கிளப் ஐந்தே ஆண்டுகளில் கலைந்தது. வங்கிக் கணக்கை மூடி எடுத்த வெள்ளி ரூபாய்கள் 270-ஐ உருக்கி, நாகங்களைக் கைப்பிடியாகவும் யானையை மூடியின் மேலும் வைத்து ஒரு கோப்பை செய்து அனுப்பினார்கள். 1879 முதல் அதற்காகவே ஆடுகிறார்கள். ஆடியவர்கள் ஊர் மாறிப் போனதும் கல்கத்தா கிளப் மறைந்தது. ஓட்லி போன்ற ஊர்களில் அப்பன் ஆடிய மைதானத்தில் பிள்ளை ஆடியதால் கிளப் நின்றது.

கேள்வி: இப்போது ரக்பியில் பணம் புரள்கிறதே, சிறிய கிளப்புகள் தாக்குப்பிடிக்கின்றனவா? – கோவை வாசகர்

பதில்: 1895 பிரிவினைக்கு நூறாண்டு நிறைய மூன்றே நாள் இருக்கையில், 1995 ஆகஸ்ட் 26 அன்று, யூனியன் ஆட்டத்திலும் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1987-இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகளை அடுக்கடுக்கான பிரிவுகளில் சேர்த்து ஏற்ற இறக்கம் உள்ள லீக் முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். அதுவரை யாருடன் எப்போது ஆடுவது என்பதை இரு கிளப்புகளின் செயலாளர்களே கடிதம் எழுதிப் பேசி முடித்தார்கள். புதிய முறையில் சிற்றூர் அணியும் திறமையால் மேலே ஏற வழி பிறந்தது நல்லதே; மேலே ஏறிய பின் பயணச் செலவையும் ஆட்டக்காரர் கூலியையும் தாங்க முடியாமல் திணறுவதும் அதனுடன் வந்தது.

சிற்றூர்க் கிளப்பின் அன்றாட வருமானம் சந்தா, கிளப் கட்டடத்தின் மதுக்கூடம், உள்ளூர்க் கடைக்காரர்கள் தரும் விளம்பரம் ஆகியவைதான். கோடு போடுவதும், தேநீர் கொடுப்பதும், ஞாயிறு காலையில் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்பதும் பெரும்பாலும் காசு வாங்காதவர்களின் வேலை. முதல் அணியில் ஆடி ஓய்ந்தவர் மூன்றாம் அணிக்கு இறங்கி, அங்கே பதினெட்டு வயதுப் பையனுடன் தோளோடு தோள் சேர்த்து, இரு அணியினரும் குனிந்து பந்துக்காகத் தள்ளிக்கொள்ளும் 'ஸ்க்ரம்'மில் குனிவார். பெருந்துறை வாசகர் மீண்டும் ஓட்லி சென்றால் ஒரு சனிக்கிழமை மதியம் அந்த மூன்றாம் அணியின் ஆட்டத்தைப் போய்ப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.