ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டருக்கு எந்த வைட் லென்ஸ்? குமரி மாவட்டத்து நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. எஸ்எல்ஆர் கேமரா மாதிரி, உள்ளே இருக்கும் கண்ணாடியின் உதவியால் லென்ஸ் வழியாகவே பார்க்கும் வசதி இதில் கிடையாது. ஜன்னலில் இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கித்தான் ஃபோகஸ். அதனால் வைட் லென்ஸ் வாங்குமுன் அது எவ்வளவு நல்ல லென்ஸ் என்று விசாரிப்பதைவிட, அதன் பார்வையை உங்கள் கேமராவின் ஜன்னல் காட்டுமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வந்த கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கிறது.

கேள்வி (நாகர்கோவில்): அண்ணா, லைக்கா எம்6 வைத்திருக்கிறேன். 0.72 வ்யூஃபைண்டர் (ஜன்னலில் உருவம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்ற அளவு). இதுவரை 50 எம்எம் மட்டும்தான். அடுத்து 35 வாங்கவா, 28 வாங்கவா, ஒரேயடியாக 21-க்குப் போய்விடவா?

பதில்: தம்பி, கண்ணாடி போடுவீர்களா இல்லையா என்று எழுதவில்லையே! முடிவே அதில்தான் இருக்கிறது. உங்கள் எம்6-ல் 28-க்கான கோடு, அதாவது படம் எதுவரை விழும் என்று காட்டும் கோடு, ஜன்னலின் விளிம்பை ஒட்டி வரும். வெறுங்கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தால் நான்கு மூலையும் தெரியும். கண்ணாடி போட்டிருந்தால் ஒவ்வொரு மூலைக்கும் கண்ணை உருட்ட வேண்டியிருக்கும். 35-ன் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் இடம் மிஞ்சும். ஃப்ரேமுக்குள் யார் நுழையப் போகிறார்கள் என்று முன்பே தெரிந்துவிடும். தெருவில் படம் எடுப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது ஒரு ரோல் எடுத்ததும் புரியும். (0.85 வ்யூஃபைண்டர் உள்ள எம்6-ல் 28-க்குக் கோடே கிடையாது. வாங்க நினைக்கும் மற்றவர்களும் கவனியுங்கள்.)

லென்ஸின் அகலத்தைக் கோணக் கணக்கில் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு டீக்கடை பெஞ்சுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். 50 எம்எம்-ல் ஏறக்குறைய 1.4 மீட்டர் அகலம் விழும், இரண்டு பேர். 35-ல் 2 மீட்டர், மூன்று பேர். 28-ல் இரண்டரை மீட்டர்: பெஞ்ச் முழுக்க வந்து, டீ ஆற்றுகிறவரின் கையும் உள்ளே வரும். 21-ல் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர், கடையே வந்துவிடும்.

வெறுங்கண் என்றால் 28 வாங்குங்கள். 50-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டெட்டு பின்னால் போய்ச் சரிக்கட்டிவிடலாம். 28 வந்தால் நிற்கிற இடமே மாறும். கண்ணாடி போடுபவர் என்றால் யோசிக்காமல் 35. ஃபோக்ட்லாண்டர் கலர்-ஸ்கோபார் 28 எஃப் 3.5, ஸைஸ் பயோகான் 28 எஃப் 2.8, லைக்கா எல்மாரிட் 28 எஃப் 2.8 என எதை எடுத்தாலும் ஃபிலிமில் குறை சொல்ல முடியாது. முதலில் சொன்னதையே நான் சொல்வேன். எஃப் எண் சின்னதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும், ஆனால் நம்மூர் வெயிலுக்கு எஃப் 3.5 தாராளம். 21 பிறகு பார்க்கலாம். அதற்கு ஜன்னலில் கோடு இல்லை, கேமரா தலையில் தனி வ்யூஃபைண்டர் மாட்ட வேண்டும்.

கேள்வி (கன்னியாகுமரி): சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கடல் எல்லாம் ஒரே படத்தில் வேண்டும். 21 போதுமா, 15 வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வைட் லென்ஸ் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெகட்டிவில் சூரியனின் விட்டம் லென்ஸின் எம்எம்-ல் ஏறக்குறைய 110-ல் ஒரு பங்கு. 28 எம்எம்-ல் கால் மில்லிமீட்டர். பத்துக்கு எட்டு இஞ்ச் பிரிண்ட் போட்டாலும் இரண்டு மில்லிமீட்டர் பொட்டுதான். வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. அரை கிலோமீட்டர் தள்ளி நின்று 28-ல் எடுத்தால் நெகட்டிவில் அதன் உயரம் இரண்டேகால் மில்லிமீட்டர். 15-க்குப் போனால் அதில் பாதி. நேரில் அத்தனை பெரிதாக நின்றது பிரிண்டில் குச்சி மாதிரி ஆகிவிட்டதே என்று லென்ஸின் மேல் பழி போடுவோம். உதயத்துக்கு உங்களிடம் இருக்கிற 50 போதும், 90 இருந்தால் இன்னும் நல்லது.

வைட் லென்ஸ் கிட்டப் போவதற்கு. அதே கரையில் திரும்பி நில்லுங்கள். சங்குமாலை விற்பவரின் தட்டு ஒரு மீட்டரில், அவர் முகம் அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால் பாறையும் சிலையும் சின்னதாக. இப்போது சிலை சின்னதாக இருப்பதே படத்துக்குப் பொருள் தருகிறது, அது எந்த ஊர் என்று சொல்லிவிடுகிறது. 21-ஐ ஆசை தீரப் போட வேண்டுமென்றால் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்துக்கு எடுத்துப் போங்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவில் நின்றால் பின்னால் போக வழியே இல்லை. அப்படிப்பட்ட இடம்தான் 21-க்கு இடம்.

இன்னொன்று, இது கேமராவைக் காப்பாற்றும் விஷயம். எஸ்எல்ஆரில் ஷட்டரை மறைத்து நிற்கும் கண்ணாடி ரேஞ்ச்ஃபைண்டரில் இல்லை. லைக்கா, ஸோர்க்கி, ஃபெட் எல்லாவற்றிலும் ஷட்டர் துணி. மூடி போடாத லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி தோளில் தொங்கினால், பூதக்கண்ணாடியில் தாள் கருகுவது போலத் துணியில் பொட்டு ஓட்டை விழும். பிறகு எடுக்கிற பிரிண்ட் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் புள்ளி. அடிவானத்தில் சிவந்திருக்கும்போது அவ்வளவு பயமில்லை. மேலே ஏறிய பிறகு பத்திரம். கேமராவை இறக்கியதும் லென்ஸ் தரையைப் பார்க்க வேண்டும், அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) எஃப் 16-ல் இருக்க வேண்டும். மூடி போட்டால் எடுக்குமுன் கழற்றுகிற பழக்கமும் வேண்டும். மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். பெஸ்ஸா, கேனன் பி, கேனன் 7 இவற்றில் உலோகத் திரை. அவை எரியாது.

கேள்வி (குளச்சல்): அண்ணே, கரமடி (கரைவலை) இழுப்பதும் வள்ளம் தள்ளுவதும் எடுக்கிறேன். ஃபோகஸ் பண்ணி முடிப்பதற்குள் காட்சி போய்விடுகிறது. 28 எஃப் 2 வாங்கினால் சரியாகுமா?

பதில்: எஃப் 2 வாங்கினால் இன்னும் கஷ்டம்தான் மக்கா. உங்களுக்கு வேண்டியது லென்ஸ் மேல் எழுதியிருக்கும் தூர அளவுகோல். 28-ல் எஃப் 8 வைத்து மூன்றேகால் மீட்டரில் ஃபோகஸை நிறுத்துங்கள். ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். அதற்கப்புறம் ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். 35-ல் இதே எஃப் 8 வைத்தால் கிட்ட உள்ள எல்லை இரண்டரை மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. கயிறு பிடித்து இழுப்பவருக்கும் உங்களுக்கும் நடுவில் அவ்வளவு இடம் கரையில் கிடைக்காது. அதனால்தான் இந்த வேலைக்கு 28 சொல்கிறேன். ஃபோகஸ் வளையத்தின் கீழே விரல் வைக்கும் கொம்பு உள்ள லென்ஸாகப் பாருங்கள். கொம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்தே தூரம் கைக்குத் தெரியும்.

கச்சான் காற்று அடிக்கிற நாளில் லென்ஸில் உப்புத் தூவானம் படியும். சாதா யூவி ஃபில்டர் ஒன்றைக் கழற்றாமல் வையுங்கள். உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு துடையுங்கள். ஒன்றே முக்கால் மீட்டரில் நின்று எடுக்கும் லென்ஸ் இது, ஒளிந்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. முதலில் போய்ப் பேசுங்கள், முடிந்தால் கயிற்றில் ஒரு கை கொடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): பட்ஜெட் ரொம்பக் குறைவு. ஸோர்க்கி 4 இருக்கிறது. ஜூபிட்டர்-12 வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். 35 எம்எம் எஃப் 2.8. போருக்கு முந்தைய ஸைஸ் பயோகானின் வழியில் ரஷ்யாவில் செய்தது. கேட்கிற விலைக்கு இதைவிட நல்ல வைட் கிடைக்காது. 39 எம்எம் ஸ்க்ரூ மவுண்ட்தானா என்று கேட்டு வாங்குங்கள். கீவ் கேமராவுக்கான இதே லென்ஸ் உங்களுடையதில் ஏறாது.

கையில் வாங்கியதும் பின்பக்கம் பாருங்கள். உருண்டைக் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மேசையில் அப்படியே வைத்தால் கண்ணாடிதான் முதலில் மேசையைத் தொடும். குழிவான பின்மூடி இல்லாமல் வாங்காதீர்கள். அப்பர்ச்சர் வளையம் முன்விளிம்புக்குள்ளே இருக்கும், ஃபில்டர் போட்டால் திருப்பச் சிரமம். வேறு கம்பெனி கேமராவில் மாட்டுவதாக இருந்தால், அந்தத் துருத்தல் உள்ளே இடிக்குமா என்று விசாரித்துவிட்டு மாட்டுங்கள். ஸோர்க்கி ஜன்னல் 50-க்கானது என்பதால் 35-க்குத் தனி வ்யூஃபைண்டருக்கும் காசு எடுத்து வையுங்கள்.

கேள்வி (திங்கள்சந்தை): யாஷிகா எலக்ட்ரோ 35-ல் 28 மாட்ட முடியுமா?

பதில்: முடியாது. அதன் 45 எம்எம் லென்ஸ் கழற்ற முடியாதது. முன்னால் திருகும் வைட் துணை லென்ஸ் உண்டு, மூலைகள் மங்கும். அந்தப் பணத்துக்கு ஃபிலிம் வாங்குங்கள்.

கேள்வி (தக்கலை): பத்மநாபபுரம் அரண்மனைக்குள் எடுக்க ஆசை. உள்ளே இருட்டு. 21 எஃப் 4 இருக்கிறது. போதுமா?

பதில்: சார், எஃப் 4-ல் 8-ல் ஒரு செகண்ட் வரும் இடத்தில் எஃப் 2 இருந்தால் 30-ல் ஒன்று கிடைக்கும். முதலாவதில் தூண் மட்டும் தெளிவாக வரும். இரண்டாவதில் நின்று பேசும் மனிதரும் தெளிவாக வருவார். ஆகவே ஆட்கள் வேண்டுமென்றால் 35 எஃப் 2. நம்மூர் வெயிலுக்கு எஃப் 3.5 போதும் என்று மேலே சொன்னதற்கு விலக்கு இது. கட்டடம் மட்டும் என்றால் உங்கள் 21 அருமையானது. எஸ்எல்ஆர் மாதிரி கண்ணாடி அடித்து எழும் அதிர்வு ரேஞ்ச்ஃபைண்டரில் இல்லை, தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்தால் 8-ல் ஒன்று கையிலேயே நிற்கும்.

கண்ணாடி தூக்கும் இடம் விட வேண்டாததால் வைட் லென்ஸின் பின்பகுதியை ஃபிலிமுக்கு மிக அருகில் கொண்டுபோக முடிகிறது. அதனால்தான் இந்த லென்ஸ்கள் இத்தனை சின்னதாகவும், நேர்கோடு வளையாமலும் இருக்கின்றன. உத்தரமும் தேக்குப் பலகையும் நிறைந்த அந்த அரண்மனையில் இது கண்கூடாகத் தெரியும். கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மெருகேறிய கரிய தரையில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும். வெளிச்சம் அளக்கும் மீட்டரை அதன்மேல் காட்டினால் மர வேலைப்பாடெல்லாம் கருத்துப் போகும். நிழலில் அளந்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி (திருவட்டாறு): மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழிருந்து எடுத்தால் தூண்கள் பின்னால் சாய்கின்றன. லென்ஸ் கோளாறா?

பதில்: கோளாறில்லை. 115 அடி உயரத்தைப் பிடிக்கக் கேமராவை அண்ணாந்து பிடித்தீர்கள். 21 போட்டு, கேமராவை நிமிர்த்தி, மட்டமாகப் பிடியுங்கள். கீழ்ப்பாதி முழுக்கத் தரை வரும். அங்கே பாறையோ ஆற்றுத் தண்ணீரோ இருக்கும்படி நில்லுங்கள், இல்லையென்றால் பிரிண்டில் வெட்டிவிடுங்கள்.

கேள்வி (குலசேகரம்): இணையத்தில் ஃபோக்ட்லாண்டர் 21 எஃப் 4 பற்றிப் படித்தேன். மூலைகளில் ஊதா நிறம் ஏறுகிறது என்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு எடுக்க வாங்க நினைத்தேன், இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. அது டிஜிட்டல் சென்சாரின் பிரச்சினை. பின்கண்ணாடி மிக அருகில் இருப்பதால் வெளிச்சம் மூலையில் சாய்வாக விழுகிறது, சென்சாருக்கு அது ஒத்துக்கொள்ளாது, ஃபிலிம் ஏற்றுக்கொள்ளும். ஃபிலிமில் மூலை கொஞ்சம் கருக்கும். வானமும் கடலும் எடுத்தால் அது தெரியும். வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்களுக்கு நடுவில் அந்தக் கருமை படத்துக்குப் பலமே. வெட்டுக்கத்தி பிடித்த கையும் பால் சொட்டும் சிரட்டையும் முக்கால் மீட்டரில், பின்னால் மர வரிசை சுருங்கிக்கொண்டே போவது: 21-க்கென்றே அமைந்த காட்சி. விடிகாலை என்பதால் 400 ஃபிலிம் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (இரணியல்): பழைய லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நம் மாவட்டத்தில் முதலில் பூஞ்சை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நமக்கு உண்டு, கடல் ஈரம் வேறு. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் லேசாக இருந்தால் சுத்தம் செய்யலாம், கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. எல்லா இடமும் பால் படர்ந்த மாதிரி மங்கலாக இருந்தால் அது உள்ளே படிந்த ஆவி. எதிர்வெயிலில் படம் சாம்பல் பூத்துவிடும். ஓரிரு தூசிக்கும் முன்கண்ணாடியின் சின்னக் கீறலுக்கும் கவலை வேண்டாம். விலை குறைக்க அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து, கேமராவில் மாட்டி மருந்துவாழ்மலை உச்சி மாதிரி தூரத்தில் உள்ள ஒன்றைப் பாருங்கள். வளையம் கடைசிவரை போய் நிற்கும்போது ஜன்னலில் இரட்டை உருவம் ஒன்றாக வேண்டும். ஒரு மீட்டரில் இன்னொரு தடவை.

வாங்கிய பிறகு தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது.

கேள்வி (கொல்லங்கோடு): தாத்தா விட்டுப்போன லைக்கா எம்3 இருக்கிறது. 50-ஐவிட அகலமாக எதற்கும் கோடு இல்லை. விற்றுவிட்டு வேறு வாங்கவா?

பதில்: தயவுசெய்து விற்காதீர்கள். 1954-ல் வந்த அந்த ஜன்னலை இன்று வரும் கேமராக்களில்கூடப் பார்ப்பது அரிது. வழி இரண்டு. எம்3-க்கென்றே முன்னால் கண்ணாடி மாட்டி வந்த 35 எம்எம் லைக்கா லென்ஸ்கள் உண்டு, அவை 50-ன் கோட்டையே 35-ன் பார்வையாக மாற்றிக் காட்டும். கனமானவை, ஆனால் பலரும் விரும்பாததால் மற்ற 35-களைவிட மலிவு. இன்னொன்று, 28 அல்லது 21 வாங்கி மேலே தனி வ்யூஃபைண்டர் மாட்டுவது. உங்களுக்கு நான் சொல்வது இதுதான். தூரத்தை முன்பே வைத்துவிட்டால் கேமரா ஜன்னலைப் பார்க்கவே தேவையில்லை, மேலே உள்ள பெரிய ஜன்னல் வழியாக மட்டும் பார்த்து எடுக்கலாம். ஒரு மீட்டருக்கு உள்ளே போனால் தலைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுங்கள், மேல் ஜன்னல் லென்ஸைவிட உயரத்தில் இருக்கிறது.

கேமரா தலையில் துணைக்கருவி மாட்டும் ஷூவில் வ்யூஃபைண்டர் ஏறிவிட்டால் வெளிச்ச மீட்டர் மாட்ட இடம் இருக்காது. கைமீட்டர் இல்லையென்றால், 400 ஃபிலிமுக்குக் கடற்கரை வெயிலில் எஃப் 16, 500-ல் ஒன்று. தென்னை நிழலுக்குள் வந்தால் ஷட்டரை அப்படியே விட்டு எஃப் 5.6.