கோக்னேசே கோட்டையும் பின்னால் வந்த நீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லாட்வியாவின் கோக்னேசே கோட்டை பற்றி எழுதியிருந்தீர்கள். படத்தில் இடிந்த மதில்கள் ஆற்று நீரை ஒட்டியே நிற்கின்றன. எதிரி படகிலிருந்தே மதில் ஏறிவிடலாம் போலிருக்கிறதே! இவ்வளவு தாழ்வாகவா கோட்டை கட்டினார்கள்?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கோட்டை தாழ்வாகக் கட்டப்படவில்லை. டௌகாவா நதியோடு பெர்சே ஆறு கூடும் முனையில், இருபுறமும் சரியும் உயரமான மேட்டில்தான் கட்டினார்கள். நீங்கள் பார்த்த நீர் 1960களில் வந்தது. பிளாவினியாஸ் நீர்மின் நிலையத்துக்காக நதியை மறித்தார்கள். பள்ளத்தாக்கு நிரம்பி, நீர் மதிலடிவரை ஏறிவிட்டது.

அந்த மேட்டில் முதலில் இருந்தது மரக்கோட்டை. ஆண்டவர் வெட்ஸெகே என்ற சிற்றரசர். லித்துவேனியர்களின் தாக்குதலைத் தாங்க முடியாமல், நிலத்தில் பாதியைத் தருவதாகச் சொல்லி ரிகாவின் ஆயர் ஆல்பர்ட்டிடம் துணை கேட்டார். பிறகு ஆயரைச் சேர்ந்த ஒரு வீரனே இரவில் புகுந்து அவரைச் சிறைபிடித்தான். ஆயர் விடுவித்து, கோட்டையைப் பலப்படுத்தத் தன் ஜெர்மானிய ஆட்களோடு திருப்பி அனுப்பினார். அந்த ஜெர்மானியர்கள் வாட்களை மேலே வைத்துவிட்டு அகழியில் கல் வெட்டிக்கொண்டிருந்தபோது வெட்ஸெகேயின் ஆட்கள் பாய்ந்து கொன்றார்கள். ரிகாவின் படை வருவது தெரிந்ததும், 1208-ல், தன் கோட்டைக்குத் தானே தீ வைத்துவிட்டு வெளியேறினார். மறு ஆண்டே ஆல்பர்ட் அங்கே கல்கோட்டை எழுப்பத் தொடங்கினார்.

இதையெல்லாம் லத்தீனில் எழுதிவைத்த ஹென்றி ஒரு பாதிரியார், ஆயரின் தரப்பு. அவர் கண்ணில் வெட்ஸெகே துரோகி. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நட்பு நாடிப் போய்ச் சங்கிலியில் கிடந்தவர் அவர். 1224-ல், இன்றைய எஸ்டோனியாவில் உள்ள தார்த்து நகரின் முற்றுகையில் போரிட்டு மடிந்தார்.

பிறகு கோட்டை பல கை மாறியது. 1701-ல் பின்வாங்கிய சாக்சனியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. யாரும் எடுத்துக் கட்டவில்லை.

ஆனால் எனக்கு அந்த வெடியைவிட அணைதான் பெரிய இழப்பு. பெர்சே அருவி மூழ்கியது. கோக்னேசேக்கு மேலே, நதி வரும் திசையில், நீர் கசிந்துகொண்டே இருந்ததால் அழும் பாறை என்று லாட்வியர்கள் பாடிய ஸ்டாபுராக்ஸும் மூழ்கியது. சோவியத் ஆட்சியில் எதிர்த்துப் பேசுவதே ஆபத்தாக இருந்த 1958-லேயே எழுத்தாளர்களும் அறிஞர்களும் இந்த அணைக்கு எதிராகப் பத்திரிகையில் எழுதினார்கள். கட்சி அடக்கியது. மின்சாரம் தேவைதான், அதற்கு இந்தப் பள்ளத்தாக்கைத்தான் தந்திருக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

அணைக்கு முந்தைய படங்களைத் தேடிப் பாருங்கள். அவற்றில் கோட்டையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

அன்புடன்