குழந்தைகளின் மூளைக்கட்டி ஸ்கேனும் ஏஐ-யும்: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

'மகளுக்கு நீட் மதிப்பெண் குறைவு, குழந்தைகளின் மூளைக்கட்டியை ஸ்கேனில் ஏஐ கொண்டு அடையாளம் காணும் துறைக்குப் போக முடியுமா?' என்று கேட்கிறீர்கள். மதிப்பெண் குறைந்ததால் அவளுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடவில்லை. ஸ்கேனில் கட்டியின் எல்லையை வரையும் மென்பொருளை உருவாக்க எம்.பி.பி.எஸ். தேவையில்லை. ஆனால் நோயாளியின் ஸ்கேன் அறிக்கையில் கையெழுத்திடுபவர் கதிரியக்க மருத்துவர். அந்த இடம்தான் வேண்டுமென்றால் மருத்துவப் படிப்பைத் தவிர வேறு வழி கிடையாது. அவள் விரும்புவது எது என்று முதலில் கேளுங்கள்.

பொறியியல் என்றால் பிளஸ் டூவில் கணக்கு இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் வேறு வேலைகளுக்கும் போகலாம். பயோமெடிக்கல் எடுத்தால் எம்.ஆர்.ஐ. பாடத்திலேயே வரும், புரோகிராமிங்கைத்தான் தனியாக வலுப்படுத்த வேண்டும். பெயரில் ஏஐ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பாடப்பிரிவில் பணம் கட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து பைத்தான் என்ற நிரல்மொழியும், அதில் ஏஐ மாடல்களை உருவாக்க உதவும் பைடார்ச்சும் பழகட்டும். கூடவே 'த்ரீடி ஸ்லைசர்' என்ற இலவச மென்பொருளில் ஸ்கேன்களைத் திறந்து பார்க்கட்டும். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், பின்னால் தடுமாறுவதும் இங்கேதான். டி1, கட்டியை ஒளிரச் செய்யும் மருந்து செலுத்திய டி1, டி2, ஃப்ளேர் ஆகிய நான்கு வகை எம்.ஆர்.ஐ. படங்களிலும் ஒரே கட்டி எப்படி மாறித் தெரிகிறது என்பது கண்ணுக்குப் பழகவேண்டும்.

பெரியவர்களின் ஸ்கேனில் பயின்ற ஏஐ மாடல் குழந்தைகளிடம் தடுமாறும். குழந்தைகளின் மூளைத்தண்டில் பரவும் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டி பல நேரம் மருந்தை ஏற்று ஒளிர்வதில்லை. இரண்டு வயதுக்குள் நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறை வளர்ந்துகொண்டே இருப்பதால், அந்த இழைகள் நிறைந்த வெண்பொருள் பகுதியின் தோற்றமே வேறு. தரவும் குறைவு: மூளைக்கட்டியின் எல்லையை ஏஐ மூலம் வரையும் 'பிராட்ஸ்' என்ற சர்வதேசப் போட்டியில் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு 2023இல்தான் வந்தது.

மதிப்பிடும்போது 'துல்லியம் 99%' என்ற எண்ணை நம்ப வேண்டாம். பிராட்ஸ் தரவில் ஒரு படத்தொகுப்பு 240 × 240 × 155, அதாவது சுமார் 89 லட்சம் புள்ளிகள். கட்டி அதில் சிறு துளி. எதையுமே குறிக்காத மாடலும் 99% வாங்கிவிடும். மருத்துவர் குறித்ததும் மாடல் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் 'டைஸ்' அளவைப் பார்க்க வேண்டும்: ஒத்துப்போகும் புள்ளிகளின் இருமடங்கை, இருவரும் குறித்த புள்ளிகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மருத்துவர் குறித்தது 1000 புள்ளிகள், மாடல் குறித்தது 800, இரண்டும் ஒத்துப்போவது 720 என்றால், 1440ஐ 1800ஆல் வகுக்க 0.8. ஒரே குழந்தையின் இரண்டு ஸ்கேன்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் விழுந்தால், மாடல் அந்தக் குழந்தையை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் அந்த 0.8க்கும் மதிப்பில்லை. ஆகவே ஸ்கேன் வாரியாக அல்ல, குழந்தை வாரியாகப் பிரிக்க வேண்டும்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு, பதிவு செய்து பிராட்ஸ் குழந்தைகள் தரவைப் பெற்று, ஸ்கேனில் எல்லை வரையும் இலவச ஏஐ மென்பொருளான 'என்என்யு-நெட்'டைப் பயிற்றுவிக்கட்டும். டைஸ் மிகக் குறைந்த பத்துக் குழந்தைகளின் ஸ்கேனை அடுக்கடுக்காகத் திறந்து, எங்கே, ஏன் தவறியது என்று எழுதி வைக்கட்டும். மேற்படிப்பு நேர்காணலுக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போகட்டும்.