பனி கொட்டும் ஊரில் வறட்சியா?

அன்புள்ள ஐயா,

வீட்டுக்கு வாங்கிய மைசூர் பருப்புப் பையில் ‘விளைந்த நாடு: கனடா’ என்று இருந்தது. அதைப் பற்றித் தேடியபோது, மே மாதத்திலேயே அந்நாட்டின் சஸ்காச்சுவான் மாகாண விவசாயிகள் வறட்சி என்று கவலைப்படும் செய்தி கண்ணில் பட்டது. மாதக்கணக்கில் பனி கொட்டும் ஊர். அது உருகினாலே போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. பத்து சென்டிமீட்டர் பனி உருகினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான் கிடைக்கும். அதுவும் முழுசாக வயலுக்குள் இறங்காது. பனி உருகும் நேரத்தில் அடிமண் இன்னும் உறைந்து கிடப்பதால், தண்ணீர் வழிந்தோடிப் பள்ளங்களில் தேங்கிவிடும். அதனால்தான் அங்கே பலர் அறுவடைக்குப் பின் உழுவதில்லை. நிற்கும் கோதுமைத்தாள், காற்றில் பறக்கும் பனியைப் பிடித்து வைக்கும். மே மாதம் அந்தத் தாளுக்கு நடுவிலேயே விதைக்கிறார்கள்.

அங்கே பெரும்பாலும் மானாவாரிதான். தெற்குப் பகுதியில் பனியையும் கூட்டினால்கூட ஆண்டுக்கு 350, 400 மில்லிமீட்டர். உறைபனி இல்லாத நாட்களோ 100, 120. விதைப்பைத் தள்ளிப்போட்டால் செப்டம்பர் உறைபனி முற்றாத கதிரில் விழும்.

கனோலா என்ற எண்ணெய் வித்தைப் பயிரிடும் விவசாயியின் பாடு இன்னும் கஷ்டம். கடுகளவு விதை, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில்தான் போட முடியும். மேல்மண் காய்ந்தால் முளைப்பு போச்சு. கோதுமையை ஈரம் தேடி ஐந்து சென்டிமீட்டர் வரை இறக்கலாம். முளைத்த பிறகும் நிம்மதி இல்லை. கனோலாவின் குருத்து இரண்டு வித்திலைகளுக்கு நடுவே, மண்ணுக்கு மேலே இருக்கிறது. உறைபனியில் அது கருகினால் செடி பிழைக்காது. இளம் கோதுமையின் குருத்து மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். உங்கள் மைசூர் பருப்புச் செடியும் மண்ணையொட்டிய கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் உறைபனி விழுந்த மறுநாளே யாரும் வயலை அழித்துவிடுவதில்லை. மூன்று நான்கு நாள் பொறுத்து, வயலில் குனிந்து, குருத்து பச்சையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மறுவிதைப்பை முடிவு செய்கிறார்கள். அந்த நாலு நாள் காத்திருப்பைத்தான் நான் பெரிய துணிச்சல் என்பேன்.

ஈரம் மிஞ்சினாலும் ஆபத்துதான். 2011இல் தென்கிழக்கு சஸ்காச்சுவானில் இயந்திரம் இறங்க முடியாத சேறு. ஏராளமான நிலம் விதைக்காமலே கிடந்தது. 2021இல் நேர்மாறு: மண்ணில் ஈரம் குறைவு, அப்புறம் கோடை வெயில். கனடாவின் மொத்தக் கோதுமை விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

சரி, மே மாதச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே பொதுவாக மழை அதிகம் பெய்வது ஜூனில். அந்த மாதச் செய்தியையும் பாருங்கள்.