சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மற்றவர்கள் சொல்லும் எந்த வார்த்தை உங்களுக்கு எரிச்சல் தரும்?

“சிம்பிளா.”

கேள்வி கேட்டவர் யாரோ தெரியாது. ஆனால் கேட்ட விதத்தைப் பார்த்தால், நேற்று உங்கள் வீட்டுக்கும் யாரோ வந்து சாப்பிட்டுவிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

‘வேற லெவல்’, ‘சும்மா அள்ளுது’ என்று பதில் எழுத நிறையப் பேர் வருவார்கள். எனக்கு அவற்றின் மேல் கோபமில்லை. காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள், கேமராவைப் பார்த்துக் கத்துகிறார்கள், கத்திவிட்டுப் போகட்டும். எனக்கு ஆகாதவை சோபாவில் சாய்ந்துகொண்டு அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொல்லும் வார்த்தைகள். “சிம்பிளா ஏதாவது பண்ணும்மா.” “ராத்திரிக்கு லைட்டா ரெண்டு இட்லி போதும்.” “சும்மா ஒரு ரசம் மட்டும் வச்சிடேன்.” சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், நமக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று. அதனால்தான் பதில் பேசவும் முடிவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கல்யாணமாகி வந்த இடம் ஓசூர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாவுக்கும் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. எங்கள் ஊர் வெயிலுக்கு ராத்திரி கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருக்கும். ஓசூரில் டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. லூக்கோனாஸ்டாக் என்று அதற்குப் பெயர், என் மகளின் பாடப் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன். 30 டிகிரி அளவில் சுறுசுறுப்பாக இருக்கும் அது, குளிரில் நம்மைப் போலவே போர்த்திக்கொண்டு படுத்துவிடும்.

அப்படி ஒரு டிசம்பர் சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு போன். என் மாமனாரின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். பெங்களூரில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போகிறார்களாம், காலையில் எங்கள் வீட்டில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். அவர், பெரிய அத்தை, இன்னும் இரண்டு பேர். “தடபுடலா எதுவும் வேண்டாம்மா. சிம்பிளா இட்லி, ஒரு சட்னி, போதும்” என்றார்.

வீட்டில் ஒரு கரண்டி மாவு இல்லை.

நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஊறவே நாலு மணி நேரம். ஒன்பது மணிக்குக் கிரைண்டரைப் போட்டேன். முதலில் உளுந்து. அதைப் போட்டுவிட்டுப் போய் சீரியல் பார்க்க முடியாது. பக்கத்திலேயே நின்று குளிர்ந்த தண்ணீரைக் கைவிட்டுத் தெளித்துத் தெளித்து, ஓரத்தில் ஏறுவதை வழித்துவிட்டு, அரை மணி நேரம். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அப்புறம் அரிசி. அதை நைஸாக விட்டுவிட்டால் இட்லி களியாகிவிடும், ரவைப் பதத்தில் நிறுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்து உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, பழைய கம்பளியைச் சுற்றி, ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் பக்கத்தில் வைத்தேன். அந்த மூலை கொஞ்சம் சூடாக இருக்கும்.

பிறகு கிரைண்டர் கழுவ வேண்டும். அன்றைக்கு என் கையில் வலி, வீட்டுக்காரரைக் கழுவச் சொன்னேன். “பாக்கெட் மாவு வாங்கியிருக்கலாமே” என்று ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தார், அந்தக் கடுப்பும் இருந்தது. குழவியைத் தூக்கி வெளியே வைத்து, அதன் அச்சுக் குழிக்குள் விரலை விட்டு உளுந்தை வழித்து, டிரம்மை ஜில்லென்ற தண்ணீரில் மூன்று தரம் அலசி அவர் முடிக்கும்போது மணி பதினொன்று. வாயைத் திறக்கவில்லை.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும், நல்ல மிஷின். கழுவுவதற்கும் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

காலையில் மாவு முக்கால்வாசி பொங்கியிருந்தது. இட்லி மல்லிப்பூ மாதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கல்லும் இல்லை. தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, சாம்பார். (ஒரு சட்னி போதும் என்று சொல்கிறவருக்கு ஒரு சட்னி மட்டும் வைத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும்.) பெரிய மாமா நாலாவது இட்லியில் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. கடை மாவாம்மா?”

அந்த ‘தான்’ இருக்கிறதே! ‘நல்லா இருக்கு’ என்றால் பாராட்டு. நடுவில் ஒரு ‘தான்’ சேர்ந்தால், நான் எதிர்பார்த்தது வேறு, ஆனாலும் போனால் போகிறது என்று அர்த்தம்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் குரல் வந்தது. “கடை மாவு இல்ல பெரியப்பா. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆட்டினது. நான்தான் கிரைண்டர் கழுவினேன். இனிமே சிம்பிளா வேணும்னா பிரெட் ஆம்லெட் கேளுங்க.” பெரிய மாமா சிரித்துக்கொண்டே இன்னொரு இட்லி கேட்டார். பெரிய அத்தைதான் சட்னிக் கிண்ணத்தோடு அடுக்களைக்கு வந்து, “எனக்கு நாப்பது வருஷமா இதே ‘லைட்டா ஏதாவது’தாம்மா” என்று மெதுவாகச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, ‘விருந்தாளி வந்தால் முகம் சுளிக்கிறாள்’ என்று எழுத வருகிறவர்களுக்கு: பெரிய மாமாவை எனக்குப் பிடிக்கும். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருந்தவர் அவர். அடுத்த தடவை வந்தாலும் இட்லிதான் செய்வேன். ‘உனக்கு வேலை செய்யச் சோம்பல்’ என்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. நானும் வேலைக்குப் போகிறவள்தான். என் சண்டை இட்லியோடு இல்லை, அதற்கு முன்னால் போடும் அந்த ஒரு வார்த்தையோடு.

எங்கள் அப்பத்தா காலத்தில் இட்லியை யாரும் சிம்பிள் என்று சொன்னதில்லை. கரிசல் காட்டு ஊர்களில் அன்றாடம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு. இட்லி தீபாவளிக்குத்தான். ஆட்டுக்கல்லில் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்து ஆட்ட வேண்டும் என்பதால், இட்லி வேகும் வாசனை வந்தாலே அன்றைக்கு விசேஷம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மிஷின் வந்ததும் ஆட்டும் கஷ்டம் பாதி குறைந்தது உண்மை. மரியாதை முழுசாகக் குறைந்துவிட்டது.

இன்னொரு பக்கம், அன்றைக்கு ஏழைச் சோறாக இருந்த அதே குதிரைவாலிக்கு இப்போது ‘சூப்பர் ஃபுட்’ என்று பெயர். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, எங்கள் ஆபீஸ் கேன்டீனில் குதிரைவாலிப் பொங்கலுக்குத் தனி விலை. ‘மில்லட் பவுல்’ என்று எழுதி வைக்கிறார்கள். அப்பத்தா இருந்திருந்தால் அந்த விலைக்கு ஒரு மரக்கால் வாங்கியிருப்பார். ‘டீடாக்ஸ்’, ‘கில்ட் ஃப்ரீ’ எல்லாம் இதே கூட்டம்தான். சாப்பிடுவதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேக்குக்கு மட்டும் அந்தக் குற்றவுணர்ச்சி வருகிறது, பரோட்டாவுக்கு வருவதில்லை.

சம்பந்தமில்லை என்றாலும், அடுக்களைப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் ரசீதுக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் செலவும் ரசீது தொகைக்குள்ளேயே அடக்கம். ரசீதைக் காட்டினால், “மாடி ஏறணும்ல மேடம், சும்மா டீ செலவுக்கு” என்கிறார். பாவம், அவருக்கும் முதுகு வலிக்கும், கொடுத்துவிடுகிறேன். ஏஜென்சியில் சொன்னால் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் அடுத்த சிலிண்டர் எத்தனை நாள் கழித்து வரும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டிலும் இந்தத் தொல்லை இருந்தால், உண்மையிலேயே சிம்பிளான ஒன்று நம்மிடம் இருக்கிறது. ரவா உப்புமா. ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், வறுத்த ரவையாக இருந்தால் கால் மணி நேரத்தில் தட்டில் இருக்கும், ஊறவும் வேண்டாம், பொங்கவும் வேண்டாம். அடுத்த தடவை யாராவது “சிம்பிளா” என்றால் கேள்வியே கேட்காமல் அதைக் கிண்டி வையுங்கள். “ஐயையோ, உப்புமாவா?” என்பார்கள். அந்த ‘ஐயையோ’வுக்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், வந்து எழுதுகிறேன்.