வேலூர்–திருவண்ணாமலை பாதையில் 130 வந்தால் போதுமா?

"சென்னை–ஜோலார்பேட்டை பாதையில் 130 கி.மீ. வேகம் வந்துவிட்டது, காட்பாடியில் வந்தே பாரத் நின்று போகிறது. ஆனால் வேலூர் கண்டோன்மென்ட்டில் ராத்திரி பாசஞ்சர் ஏறினால் திருவண்ணாமலை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாதையையும் 130 ஆக்கினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆக்கலாம். ஆனால் அதனால் மிச்சமாகிற நேரம் நீங்கள் எதிர்பார்ப்பதில் பாதிகூட இருக்காது, ஏனென்றால் அந்தப் பாதையில் நேரம் போவது வேகமாக ஓடுகிற இடத்தில் இல்லை, மெதுவாகப் போகிற இடத்திலும் சும்மா நிற்கிற இடத்திலும்தான். என் அப்பா லத்தேரி பக்கம் கீமேனாக வேலை பார்த்தவர். விடிவதற்கு முன்பே ஸ்பானர், சுத்தி, கொடிகளோடு கிளம்பி, தன் பீட் முழுவதும் தண்டவாளத்தை ஒட்டி நடந்து, கழன்ற கிளிப்பை அடித்து உட்கார வைத்துவிட்டு வருவார். நான் ஆறு வருஷமாக வேலைக்காக வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் போய் வருகிறேன். இந்த இரண்டிலிருந்தும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2 கி.மீ. தூரத்தை 110-ல் கடக்க 65 வினாடி ஆகும், 130-ல் 55 வினாடி. மிச்சம் 10 வினாடி. இப்போது அதே 2 கி.மீ.-யில் ஏதோ ஒரு காரணத்துக்காக 30-க்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கடக்க 4 நிமிஷம். அதை 60 ஆக்கினால் 2 நிமிஷம். மிச்சம் 120 வினாடி, அதாவது பன்னிரண்டு மடங்கு. வேகத்தைக் குறைக்கப் பிரேக் போடுகிற நேரமும் மறுபடி வேகம் எடுக்கிற நேரமும் இதில் சேரவில்லை, சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். அதனால்தான் உச்ச வேகத்தைவிட அடிமட்ட வேகத்தை உயர்த்துங்கள் என்று நான் கேட்கிறேன்.

மெயின் லைனில் 110-லிருந்து 130 போனது ஒரே நாளில் நடந்ததில்லை. சென்னை–அரக்கோணம்–ரேணிகுண்டா பக்கம் 2022-லும், அரக்கோணம்–காட்பாடி–ஜோலார்பேட்டை 144 கி.மீ.-க்கு 2023-லும் அந்த வேகம் வந்தது. அதற்குப் பின்னால் இருக்கிற வேலை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம் இருந்த இடத்தில் 60 கிலோ தண்டவாளம் போட வேண்டும். தண்டவாளத்தைக் குறுக்கே தாங்குகிற கான்கிரீட் ஸ்லீப்பர் கி.மீ.-க்கு 1660 இருக்க வேண்டும். அடியில் ஜல்லி ஆழமாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும், மண் ஏறிய ஜல்லியில் மழைத்தண்ணீர் வடியாது, பாதை ஆடும். ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குப் பிரிகிற பாயிண்டில் தடித்த நாக்குத் தண்டவாளம் வேண்டும். வளைவுகளில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்துவது என்று திரும்பக் கணக்குப் போட வேண்டும். அதே வளைவில்தான் மெதுவாக ஊர்கிற கூட்ஸும் போகும், உயரம் கூடிப்போனால் அந்தக் கனமெல்லாம் உள்பக்கத் தண்டவாளத்தில் இறங்கும். அதனால் இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவில்தான் வைக்க முடியும்.

பாலங்களும் உண்டு. 2021 டிசம்பரில் திருவலம் பக்கத்தில் பொன்னை ஆற்றுப் பாலத்தில் வெள்ளத்தால் பழுது ஏற்பட்டு ரயில்கள் ரத்தானது ஞாபகம் இருக்கும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்தது, பிறகு அந்தப் பாதை அங்கிருந்து மேற்கே நீண்டது. அவ்வளவு பழைய தடத்தின் மேல்தான் இன்றைய வேகத்தைக் கேட்கிறோம்.

சிக்னலும் அப்படித்தான். 130-ல் போகிற ரயில் ஒரு வினாடிக்கு 36 மீட்டர் நகரும், பிரேக் போட்டு நிற்க ஒரு கி.மீ.-க்கு மேல் வேண்டும். சிவப்பைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் பிடித்தால் தாண்டிப் போய்விடும். அதனால் ஸ்டேஷனுக்குள் விடுகிற ஹோம் சிக்னலுக்கு ஒரு கி.மீ. முன்னால் ஒரு டிஸ்டன்ட், இரண்டு கி.மீ. முன்னால் இன்னொன்று என்று இரண்டு முறை எச்சரிக்கை கொடுக்கிறார்கள். கவச் என்று பேசுகிறார்களே, அது தண்டவாளங்களுக்கு நடுவே ஸ்லீப்பரில் பதித்த அட்டைகளையும் ரேடியோவையும் வைத்து முன்னால் இருக்கிற சிக்னலை இன்ஜினுக்குள்ளேயே காட்டும், லோகோ பைலட் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும். மூடுபனியிலும் கொட்டுகிற மழையிலும் இது எவ்வளவு பெரிய துணை என்று ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

இவ்வளவும் செய்து, நிற்காமல் ஓடினால் அந்த 144 கி.மீ.-யில் கணக்குப்படி மிச்சமாவது 12 நிமிஷம். நீண்டதூர ரயிலுக்கு அது நல்ல லாபம்தான், நான் குறை சொல்லவில்லை.

சரி, நம் பாதைக்கு வருவோம். காட்பாடி–விழுப்புரம் 161 கி.மீ., 1891-ல் போட்ட மீட்டர்கேஜ், 2010-ல் அகலப்பாதையாகத் திறந்தது, பிறகு மின்சாரமும் வந்தது. ஆனால் இன்னும் ஒற்றை லைன். எல்லாமே இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. கண்டோன்மென்ட்டை விட்டால் பென்னாத்தூர், கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், அகரம் சிப்பந்தி, துரிஞ்சாபுரம் என்று வரிசையாக நின்று போகிற பாசஞ்சர், ஒரு ஸ்டேஷனை விட்டு வேகம் எடுத்து முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷனுக்குப் பிரேக் போட ஆரம்பித்துவிடும். அதற்கு 130 என்ன, 110-ஏ கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அங்கே உதவுவது சட்டென்று வேகம் எடுக்கிற மெமு வண்டி, அதாவது தனி இன்ஜின் இல்லாத மின்சார ரயில். அது ஏற்கெனவே ஓடுகிறது. சென்னை பீச்–வேலூர் கண்டோன்மென்ட் வண்டியை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள், நீங்கள் சொல்கிற ராத்திரி பாசஞ்சர் அதுதான். சாயங்காலம் ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பி நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேரும் வகையில் நேரம் வைத்தார்கள். வண்டி நல்ல வண்டி, அது ஓட இடம்தான் இல்லை.

ஒற்றை லைனில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். எதிரே ஒன்று வந்தால் நாம் ஸ்டேஷனில் பக்கவாட்டில் பிரிகிற லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும், அதைத்தான் கிராசிங் என்கிறோம். நான் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்: அதே ரயில், அதே சின்ன ஸ்டேஷன், ஒரு நாள் 4 நிமிஷம், இன்னொரு நாள் 27 நிமிஷம். எதிரே வருகிற வண்டி தாமதமானால் அதன் தாமதம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும், நம் தாமதம் அடுத்த ஸ்டேஷனில் காத்திருக்கிற வண்டிக்குப் போகும். பௌர்ணமி அன்று கிரிவல ஸ்பெஷல்களும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற ஜனங்களைப் பார்க்கையில் மனசு கஷ்டமாக இருக்கும்.

இங்கே என்ன செய்யலாம்? இரட்டைப்பாதைதான் முழுத் தீர்வு, ஆனால் அதற்கு வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் செய்யக்கூடியவை இருக்கின்றன. லூப்புக்குள் நுழைகிற வேகத்தைப் பாருங்கள். பழைய மாதிரிப் பாயிண்டாக இருந்தால் 15-ல்தான் நுழையலாம், பாயிண்டை மாற்றினால் 30. முழு ரயிலும் பாயிண்டைத் தாண்டும் வரை அதே வேகம் என்பதால், ஒரு கி.மீ. ஊர்ந்தால் 15-ல் 4 நிமிஷம், 30-ல் 2 நிமிஷம். உள்ளே போக, வெளியே வர என்று ஒரு கிராசிங்குக்கே மூன்று நான்கு நிமிஷம் மிச்சம். பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை இது.

அடுத்தது, ரயில் முழுசாக வந்து சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்வது. மீட்டர்கேஜ் காலத்தில் ஓடுகிற ரயிலிலிருந்து கையை நீட்டி, அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியான டோக்கன் வளையத்தை வாங்குவார்கள், சின்ன வயசில் அதைப் பார்க்கவே ஸ்டேஷனுக்குப் போவோம். இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டுகிற எல்.வி. பலகையை ஆள் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த ரயிலுக்கு வழி. இப்போது ஆக்சில் கவுண்டர் இருக்கிறது. உள்ளே போன சக்கரங்களை எண்ணும், வெளியே வந்ததை எண்ணும், இரண்டும் ஒன்றானால் பாதை காலி என்று அர்த்தம். இதோடு, நீளமான இடைவெளிகளில் நடுவில் ஒரு சிக்னல் வைத்துவிட்டால், ஒரே திசையில் இரண்டு வண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பலாம். எதிரெதிர் வண்டிக்கு உதவாது, ஆனால் பௌர்ணமி மாதிரி நாட்களில் கூட்டம் எல்லாம் ஒரே பக்கம்தானே போகிறது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது: வெயில். வேலூர் வெயிலில் தண்டவாளத்தைத் தொட முடியாது. இணைப்பில்லாமல் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் சூட்டில் நீள இடமில்லாமல் உள்ளுக்குள் அழுத்தம் ஏறி நிற்கும், அதைப் பக்கவாட்டில் நெளியவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஓரத்தில் கொட்டிய ஜல்லிதான். ஜல்லி குறைந்தால் பாதை வளைந்துவிடும். சித்திரை வைகாசியில் அப்பா மத்தியானத்திலும் ரோந்து போவார், திரும்பி வந்து முதலில் கேட்பது மோர். "ஜல்லி சரியா இருந்தா வண்டி தன்னால ஓடும்டா" என்பார். இரண்டு ஆள் சேர்ந்து பேசினால் அவர் பேச்சு ஜல்லியில்தான் போய் முடியும்.

ஜல்லியைச் சலித்துப் போட்டாலோ பாதையை மெஷினால் இறுக்கினாலோ அது மறுபடி உறுதியாகும் வரை அந்த இடத்தில் வேகம் குறைத்துக் காஷன் போடுவார்கள், படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். இந்த வேலைக்கு இரண்டு மூன்று மணி நேரம் லைன் பிளாக், அதாவது ரயில் விடாமல் பாதையை அடைத்து வைப்பது, வேண்டும். மெயின் லைனில் ஒரு பாதையை அடைத்தால் பக்கத்துப் பாதை இருக்கிறது. ஒற்றை லைனில் அடைத்தால் இரு திசையும் நின்றுபோகும். அதனால் பிளாக் சுருங்குகிறது, வேலை தள்ளிப்போகிறது, காஷன் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. ரயில் ஓடவும் இடமில்லை, பாதையைச் சரிசெய்யவும் நேரமில்லை என்ற இந்தச் சிக்கலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

கேட் விஷயமும் உண்டு. கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். மூடுகிற நேரத்தில் டிராக்டரோ கரும்பு வண்டியோ நடுவில் மாட்டினால் ரயில் வெளியே நிற்கும். சுரங்கப்பாதை போட்டால் ரயிலுக்கு அந்தத் தடை போய்விடும், ஆனால் தண்ணீர் வடிய வழி வைத்துக் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒன்றில் ஐப்பசி மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்டவாளத்தின் மேலேறித் தாண்டினார்கள். அப்படிக் கட்டுவதற்குக் கேட்டே மேல்.

திருப்பதி பக்கம் இரட்டைப்பாதை வருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். வருகிறது. திருப்பதி–பாகாலா–காட்பாடி 104 கி.மீ.-க்கு 1332 கோடி ரூபாயில் 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நல்ல செய்தி. ஆனால் அதில் வேகமாக வருகிற ரயில் காட்பாடியைத் தாண்டியதும் நம் ஒற்றை லைனில்தான் இறங்க வேண்டும். காட்பாடிக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் நடுவே பாலாற்றைத் தாண்டுகிற அந்தக் குறுகிய தூரத்தை மட்டுமாவது முதலில் இரட்டையாக்கினால், தெற்கே போகிற வண்டி எதுவும் காட்பாடி பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகளுக்கும் அது உதவும், காட்பாடியிலேயே இறங்கி மூட்டையோடு ஆட்டோ தேடாமல் ஊருக்குள்ளேயே வந்து இறங்க இன்னும் நாலு வண்டி கண்டோன்மென்ட் வரை விடலாம்.

நீங்கள் மனு எழுதப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதில் 130 என்று எழுதாதீர்கள். எந்த ஸ்டேஷன் லூப்பில் எத்தனை நிமிஷம் நிற்கிறது, எந்தெந்த இடத்தில் காஷன் எத்தனை நாளாக இருக்கிறது என்று ஒரு மாதம் குறித்து, தேதியோடு எழுதுங்கள். என் நோட்டில் உள்ளதையும் படம் எடுத்து அனுப்புகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்.