அந்த அண்ணன் பெயரை எழுதுங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேட்லாக் டெய்லராக இருக்கிறேன். ஒன்பது வருடமாகப் பக்கத்து மிஷினில் தைத்த நண்பர் அசாமில் பர்பேட்டா மாவட்டத்துக்காரர். மனைவி, பிள்ளைகள் இங்கேதான். போன மாதம் ஊர் வீட்டுக்குக் கூரை மாற்றப் போனவரை, ஐந்து மாதத்துக்கு முன்பே வெளிநாட்டவர் என்று தீர்ப்பாகிவிட்டதாகச் சொல்லிப் பிடித்து மாட்டியா என்ற ஊரில் உள்ள தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் வந்ததே எங்களுக்குத் தெரியாது. ஆதார், பான், ரேஷன் கார்டு எல்லாம் நகல் எடுத்துவிட்டோம். அவர் அப்பா பெயர் 1966 வாக்காளர் பட்டியலில் இருக்கிறதாம். கம்பெனியில் வசூல் செய்து 60,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். டெல்லியில் பெரிய வக்கீலைப் பார்க்கலாமா? வக்கீலுக்காகக் குடும்ப விவரம் எழுதியபோது, ஊரில் பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணன் பெயரை மட்டும் விட்டுவிட்டோம். அப்பா நிலத்துக்காக அவர் 2014இல் கேஸ் போட்டதிலிருந்து பேச்சு இல்லை. அவர் பெயரே வேண்டாம் என்கிறார் நண்பரின் மனைவி. நண்பருக்கு எப்படி நம்பிக்கை கொடுப்பது?

பதில்: நம்பிக்கையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தத் தாளை எடுத்து, விட்ட பெயரை எழுதுங்கள் தம்பி.

வெளிநாட்டவர் தீர்ப்பாயத்தில், இவர் வெளிநாட்டவர் என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. நான் இந்தியன் என்று நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் நண்பர் தலையில். 1946 வெளிநாட்டவர் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது, அதன் இடத்தில் வந்த 2025 சட்டத்திலும் அப்படியே. அவர் காட்ட வேண்டியவை இரண்டு: அசாமுக்குச் சட்டம் வைத்த கெடு நாளான 1971 மார்ச் 25க்கு முன்பே அப்பா அங்கே இருந்தார், அந்த அப்பாவின் மகன்தான் இவர். 1966 பட்டியல் முதலாவதற்கு உதவும். வழக்குகள் பெரும்பாலும் விழுவது இரண்டாவதில்தான். அப்பா பெயரில் தாள் இருக்கும், மகன் பெயரில் தாள் இருக்கும், நடுவில் பாலம் இருக்காது. நீங்கள் அடுக்கி வைத்த ஆதாரும் பானும் அந்தப் பாலம் ஆகாது. ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

அந்தப் பாலத்தைத்தான் நீங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறீர்கள். அண்ணன் 2014இல் போட்ட கேஸின் பிராதை, அதாவது வழக்கு மனுவை, யாராவது படித்தீர்களா? அப்பா நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன் தம்பிமேல் வழக்குப் போட்டால், முதல் பத்தியிலேயே இன்னாருக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள் என்று எழுதாமல் முடியாது. குடியுரிமைப் பிரச்சினை எழுவதற்குப் பல வருடம் முன்பு, தம்பிக்கு உதவும் எண்ணம் கொஞ்சமும் இல்லாத ஒருவர், தம்பி இல்லை என்று சொன்னால் முழு நிலமும் தனக்கே என்ற நிலையிலும், ‘இவன் என் தம்பி’ என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த தாள் அது. சொந்தக்காரர்கள் இன்று கூடி எழுதித் தரும் எந்தச் சான்றிதழுக்கும் அந்தக் கனம் வராது. நண்பர் அந்த வழக்கில் பிரதிவாதி. அவருடைய வக்கீல் மனுப் போட்டாலே சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால் தாள் தனியாக நிற்காது. எழுதியவர் தீர்ப்பாயத்துக்கு வந்து ‘நான் எழுதியதுதான்’ என்று சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும்.

பெயரை மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? எழுத்துமூல பதிலில் சொல்லாத உறவைப் பின்னால் சாட்சியாகக் கொண்டுவந்தால் ‘இட்டுக்கட்டியது’ என்பார்கள். வாக்காளர் பட்டியலில் அதே அப்பா பெயரோடு அண்ணன் இருப்பார், நண்பர் கொடுத்த குடும்ப மரத்தில் இருக்கமாட்டார். அப்படியானால் அப்பாவே வேறு ஆள் என்று முடிப்பது எளிது. அண்ணன், அக்கா, இறந்துபோனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், ஒருவர் விடாமல் எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். நண்பரின் வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீட்டில் நோட்டீஸை ஒட்டிவிட்டுச் சார்வு ஆகிவிட்டது, அதாவது உரியவரிடம் சேர்த்தாகிவிட்டது, என்று எழுதிப் போவது அங்கே வழக்கம். பக்கத்து வீட்டில் கூடப்பிறந்தவர் இருந்தும் ஒரு போன் வரவில்லை. அந்தப் பங்காளிச் சண்டை ஏற்கெனவே ஒருமுறை அவரை உள்ளே தள்ளிவிட்டது. இரண்டாம் முறையும் தள்ள நீங்கள் காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

நண்பரின் மனைவியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் புருஷன் கம்பிக்குள் இருக்கும்போது அந்தக் கோபத்துக்கு இடமில்லை. நீங்கள் அவரோடு பர்பேட்டாவுக்குப் போக வேண்டும். ஒன்பது வருடம் ஒரே டீயைப் பங்கு போட்டவருக்கு வசூல் செய்து அனுப்புவதோடு கடமை தீராது. அண்ணனிடம் போய் நிலத்தை விட்டுத் தருகிறோம், சாட்சிக்கு வாருங்கள் என்று பேரம் பேசாதீர்கள். அரசு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார். ஆம் என்றால் சாட்சியம் அங்கேயே செத்தது. கேஸை வாபஸ் வாங்கச் சொல்லவும் வேண்டாம், அது பாட்டுக்கு நடக்கட்டும். தம்பி வெளிநாட்டவர் என்றால் அதே அப்பாவுக்குப் பிறந்த நீங்கள் யார் என்று மட்டும் கேளுங்கள். தானாடாவிட்டாலும் தசையாடும் என்பதை நான் நம்புகிறவள். அது ஆடாவிட்டால், சாட்சி சம்மன் அனுப்பும்படி தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம்.

இனி வேலை. டெல்லி வேண்டாம். அவர் வராமலே தீர்ப்பாயம் போட்ட எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்க அங்கேயே கேட்க 30 நாள்தான். அது போய்விட்டதால் கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். அங்கே அந்த உத்தரவு நீங்கி வழக்கு தீர்ப்பாயத்துக்குத் திரும்பினால்தான் எழுத்துமூல பதிலும் அண்ணன் சாட்சியமும். கௌஹாத்தியில் இந்த வழக்குகளையே நடத்தும் வக்கீல் வேண்டும். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள். வக்காலத்தில் நண்பர் முகாமுக்குள் கையெழுத்திட்டு, முகாம் அதிகாரி சான்றிட வேண்டும். தீர்ப்பாயத்தில் உத்தரவு மட்டுமல்ல, தினசரி நடவடிக்கைத் தாள், நோட்டீஸ் சார்வு அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். சார்வு நாளில் அவர் திருப்பூரில் இருந்தார் என்பதற்கு உங்கள் கம்பெனியின் வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கு மூன்றும் வேண்டும். முதலாளியிடம் பிரமாணப் பத்திரம் கேளுங்கள். தயங்கினால் விடாதீர்கள். நோட்டீஸ் தம்பிக்குச் சொல்லப்படவில்லை என்று அண்ணனும் ஒரு பத்திரம் கொடுக்கலாம், அது உண்மையாக இருந்தால் மட்டும்.

ரிட்டோடு நாடுகடத்தக்கூடாது என்ற இடைக்காலத் தடையும் முதல் நாளே கேட்க வேண்டும். 2025 மே முதல் இப்படித் தீர்ப்பானவர்களை அசாமில் எல்லை தாண்டித் தள்ளியிருக்கிறார்கள். வழக்கு நிலுவையில் இருந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். ஆகவே அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள்.

1966 பட்டியலுக்குத் தேர்தல் அலுவலகத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். போனில் எடுத்த படம் உதவாது. பள்ளிச் சான்றிதழ் இருந்தால் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டோடு வர வேண்டும். நிலத்துக்கு ஜமாபந்தி நகல் கேளுங்கள். நம்மூரில் அது தாலுகா ஆபீஸில் வருடந்தோறும் நடக்கும் கணக்குத் தணிக்கை. அங்கே நிலத்தின் உரிமைப் பதிவேட்டுக்கே அந்தப் பெயர், சர்க்கிள் ஆபீஸில் கிடைக்கும்.

நகல்கள் வந்ததும் அப்பா பெயரையும் வயதையும் ஒவ்வொன்றிலும் ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழையும் சின்ன வயது வித்தியாசமும் மட்டுமே ஒருவரை வெளிநாட்டவர் ஆக்காது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக வித்தியாசத்தை மறைக்காதீர்கள். பிராதில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் 1966 பட்டியலில் வேறு மாதிரியும் இருந்தால், அன்றே வக்கீலிடம் சொல்லி, இரண்டும் ஒரே ஆள்தான் என்ற விளக்கத்தை எழுத்துமூல பதிலிலேயே சேர்த்துவிடுங்கள்.